கடைவாசலுக்குக் கீழே ஒரு வால்வு

தண்ணீர்ப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரு மலர் வெளியிடுகிறார்கள். பழைய ஆட்களிடம் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். விடாமுயற்சி, இரக்கம், நம்பிக்கை ஆகியவற்றைக் கற்றுத்தந்த அன்றாட நிகழ்ச்சிகளை எழுத வேண்டுமாம். நான் தூத்துக்குடியில் குழாய்த் திறப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த வேலை எனக்குக் கற்றுத்தந்தது, சாவியை வலப்பக்கம் சுற்றினால் வால்வு மூடும், இடப்பக்கம் சுற்றினால் திறக்கும் என்பதுதான். இப்போது அதுவும் தேவையில்லை. ஓர் அறையில் உட்கார்ந்து பொத்தானை அமுக்கினால் ஊருக்கு அந்தப் பக்கம் வால்வு தானாகத் திறந்துகொள்கிறது. தண்ணீர் வராவிட்டால் யாரைத் திட்டுவது என்று ஜனங்களுக்குத் தெரிவதில்லை. எங்கள் காலத்தில் அந்தக் குறை இருந்ததில்லை.

வேலையில் சேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். எங்களுக்குச் சாத்தான்குளம் பக்கம் பனங்காட்டு ஊர். பள்ளிக்கூடம் முடித்துவிட்டு ஒரு பலசரக்குக் கடையில் பொட்டலம் மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்ப் பிரிவில் ஆள் எடுக்கிறார்கள் என்று கடைக்கு வந்த ஒருவர் சொன்னார். போனேன். சாவியைக் கொடுத்துத் தூக்கச் சொன்னார்கள். சாவி என்றால் பூட்டுச் சாவி இல்லை. ஆள் உயர இரும்புத் தண்டு, மேலே குறுக்காகக் கைப்பிடி, கீழே சதுர வாய். தூக்கினேன். வேலை கிடைத்தது. பயிற்சி முழுவதும் ஒரே வாக்கியம்தான்: மெதுவாகத் திற, மெதுவாக மூடு. வேகமாக மூடினால் ஓடிவருகிற தண்ணீர் முட்டிக்கொண்டு திரும்பும், எங்காவது குழாய் வெடிக்கும். முதல் மாதத்திலேயே ஒன்றை வெடிக்க வைத்தேன். அதன்பிறகு மறக்கவில்லை.

தூத்துக்குடியில் எங்கே தோண்டினாலும் தண்ணீர் வரும். வாயில் வைக்க முடியாது. உப்பளக்காரர்களுக்கு அது நல்லது. மற்றவர்களுக்கு ஆற்றுத் தண்ணீர் குழாயில் வந்து தொட்டியில் ஏறி, தெருத்தெருவாக முறை வைத்து இறங்க வேண்டும். நான் சொல்லும் விஷயம் எழுபதுகளின் நடுவில் நடந்தது. புதுத் துறைமுகத்தில் கப்பல்கள் கரையிலேயே வந்து கட்டத் தொடங்கியிருந்தன. ஊருக்குள் ஆட்கள் பெருகினார்கள். மழை பெய்யவில்லை. நாள் விட்டு நாள் வந்த முறைத் தண்ணீர் வாரத்துக்கு இரண்டு தடவை என்று ஆயிற்று. குழாய் எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு தண்ணீர் கூடுதலாக விழும். அதனால் வசதியுள்ளவர்கள் வீட்டு முன்னால் குழி தோண்டி, குழாயைக் கீழே இறக்கி, படி வைத்து இறங்கிப் பிடித்தார்கள். மற்றவர்கள் என்னைத் திட்டினார்கள்.

அந்தச் சமயத்தில்தான் சண்முகசுந்தரம் என்பவர் எங்களுக்கு ஓவர்சீயராக வந்தார். ஸ்ரீவைகுண்டத்துக்காரர், நெல் விவசாயக் குடும்பம், ஏறக்குறைய என் வயதுதான். முந்தைய ஓவர்சீயர் எங்களை ‘ஏலே’ என்பார். இவர் ‘நீங்க’ என்றார். எங்களில் சிலருக்கு அது சந்தேகத்தைக் கொடுத்தது. சத்தம் போட மாட்டார். வாக்குறுதியும் தர மாட்டார். நாளைக்குத் தண்ணீர் வருமா என்று கேட்டால், “பாப்போம்” என்பார். வந்த பிறகு கேட்டாலும் அதே பதில்தான்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீர் வராத தெருவுக்குப் போனால் ஜனங்கள் சைக்கிளைச் சுற்றி வளைத்துக்கொள்வார்கள். அவர் எதுவும் பேசாமல் கேட்டுக்கொண்டே நிற்பார். எல்லோரும் பேசி ஓய்ந்ததும், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவியளா?” என்று கேட்பார். ஒரு நிமிஷம் எல்லோரும் திகைப்பார்கள். பிறகு யாராவது ஒருத்தி உள்ளே போய்க் கொண்டுவருவாள். தண்ணீர் கொடுத்த ஆளைப் பழைய வேகத்தில் திட்ட யாருக்கும் வராது. அவர் நிதானமாகக் குடித்துவிட்டு, டம்ளரைத் திருப்பிக் கொடுத்து, அதன்பிறகு விஷயத்தைப் பேசுவார். நல்ல தந்திரம் என்று நினைத்தேன். ஒருநாள் அவரிடமே சொன்னேன். “தந்திரம்லாம் இல்ல, வெயிலு” என்றார்.

எங்கள் பகுதியில் பஜார் தெருவிலிருந்து கடலைப் பார்த்து ஒரு கிளைத் தெரு இறங்கும். குழாய்க் கணக்கில் அதற்குக் கடைசித் தெரு என்று பெயர். துறைமுகத்தில் மூட்டை ஏற்றி இறக்குகிறவர்களும் படகுக்காரர்களும் குடியிருந்தார்கள். அங்கே தண்ணீர் வராதது ஒரு செய்தியாகவே இல்லை. முறை நாளில் தெருக்குழாயில் விரல் கனத்துக்கு ஒழுகும், அப்புறம் சொட்டும், நின்றுவிடும். மேலே குழி தோண்டியவர்கள் எல்லாவற்றையும் உறிஞ்சிவிடுகிறார்கள் என்பதுதான் எல்லோரும் சொன்ன காரணம். நானும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சண்முகசுந்தரம் அங்கே முதல்முறை போன அன்று நானும் கூட இருந்தேன். வழக்கம்போல் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். வழக்கம்போல் அவர் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் குடிக்கத் தண்ணீர் கேட்டார். ஒருவரும் அசையவில்லை. கூட்டத்தில் பின்னால் நின்ற, அதுவரை வாய் திறக்காத ஒரு பெண் தன் வீட்டுக்குள் போய் ஒரு எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்தாள். அவர் குடிக்கத் தொடங்கினார். வீட்டுக்குள்ளிருந்து ஓர் ஆண் குரல், தண்ணீர் யாருக்கு என்று கேட்டது. ஆபீஸ்காரர் குடிக்கிறார் என்று அவள் பதில் சொன்னாள்.

பக்கத்தில் நின்ற கிழவி மெல்லச் சொன்னாள்: “அது அவ மாப்பிள்ளைக்குப் புண்ணு கழுவ வச்சிருந்த தண்ணி சார்.”

அப்போது டம்ளரில் பாதி இருந்தது. வாய் வைத்த தண்ணீர் இனிப் புண்ணுக்கு ஆகாது என்று அவர் அதைத் திருப்பிக் கொடுக்கவில்லை. மீதியையும் குடித்துவிட்டு, டம்ளரை இரண்டு கையாலும் நீட்டினார். பிறகு, உள்ளே வந்து பார்க்கலாமா என்று கேட்டார்.

அவள் பெயர் லூர்தம்மாள். புன்னைக்காயலில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். கணவர் சவரிமுத்து துறைமுகத்தில் சுமை வேலை பார்த்தவர். தூக்கும்போது சங்கிலி நழுவி ஒரு பஞ்சுப் பொதி முதுகில் விழுந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியில்லாமல் போய்விட்டது. ஒரு வருஷத்துக்கு மேலாகக் கட்டிலில் இருந்தார். படுத்தே கிடந்ததில் முதுகில் புண் வந்திருந்தது. நல்ல தண்ணீரைக் காய்ச்சி ஆறவைத்து இரண்டு வேளையும் கழுவினால் ஆறும் என்று ஆஸ்பத்திரி நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். தண்ணீர் இல்லாத நாளில் லூர்தம்மாள் கிணற்று உப்புத் தண்ணீரால் கழுவினாள். இடுப்புக்குக் கீழேதான் உணர்ச்சியில்லை. புண் அதற்கு மேலேயும் இருந்தது. அப்படிக் கழுவும்போது அவர் துண்டைச் சுருட்டி வாயில் கடித்துக்கொள்வாராம். அந்தத் துண்டு கட்டில் சட்டத்தில் தொங்கியது. சவரிமுத்து எங்களைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் பெண்டாட்டியைத் தவிர யாரோடும் பேசுவதில்லை என்று பிறகு தெரிந்தது.

ஏன் சண்டை போடவில்லை, மற்றவர்களெல்லாம் போட்டார்களே என்று சண்முகசுந்தரம் அவளிடம் கேட்டார்.

“சண்டை போட்டா நேரம் போயிரும் சார். ஒவ்வொரு முறைக்கும் குடத்தை வச்சிட்டுத்தான் நிக்கேன். என்னைக்காச்சும் வரும்லா.”

வெளியே வந்து சைக்கிளை எடுத்தோம். தெருமுனைவரை உருட்டிக்கொண்டே நடந்தார். மறுநாள் அவர் சைக்கிள் கைப்பிடியில் கயிறு கட்டி ஒரு பழைய ஹார்லிக்ஸ் பாட்டில் தொங்கியது. வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவந்திருந்தார். அதன்பிறகு எந்தத் தெருவிலும் அவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு நான் பார்த்ததில்லை. கேட்காததால் திட்டு முழுதாகக் கிடைத்தது. அதையும் வாங்கிக்கொண்டார்.

முதலில் குழிக் கதை உண்மையா என்று பார்க்க வேண்டும் என்றார். பஜார் தெருவில் வீடுவீடாகப் போய், அடுத்த முறையன்று அரைமணி நேரம் குழாய்களை அடைத்துவைக்க முடியுமா என்று கேட்டார். கடைசித் தெருவின் முனையில், கடையும் வீடும் ஒன்றாக இருந்த பால்பாண்டி அண்ணாச்சி வீட்டுக் குழிதான் தெருவிலேயே ஆழம். அவர் மனைவி செல்லக்கனி அக்காள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு, தண்ணீர் திறக்கத் தெரியாதவர்களை வேலைக்கு வைத்தால் இப்படித்தான் என்று என்னைப் பார்த்துச் சொன்னாள். சொல்லிவிட்டு முறையன்று முதல் ஆளாகக் குழாயில் கட்டையைச் செருகி அடைத்தாள்.

அவளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். லூர்தம்மாள் தன் தெருவில் தண்ணீர் நின்றதும் குடத்தோடு இவள் குழிப் பக்கம் வந்து நிற்பாள். “ஏளா, இங்கன வந்து நிக்காதன்னு எத்தனை மட்டம் சொல்ல?” என்று இவள் குழிக்குள்ளிருந்து கத்துவாள். கத்திக்கொண்டே கையை நீட்டிக் குடத்தை வாங்கி நிரப்பிக் கொடுப்பாள். மேலே ஏறி வந்து, இனிமேல் வரக்கூடாது என்பாள். ஒவ்வொரு முறையும் இது மாறாமல் நடந்தது. ஆனால் ஒரு குடம் சமையலுக்கும் குடிக்கவும் புண் கழுவவும் எத்தனை நாள் வரும்?

தெருவெல்லாம் குழாய்களை அடைத்திருந்த அந்த அரைமணி நேரம் கடைசித் தெருவில் நின்று பார்த்தோம். அதே விரல் கனம்தான். ஆகவே குழி காரணமில்லை. பூமிக்குள் கிளைக் குழாயில் எங்கோ அடைப்பு இருக்கிறது. எங்கே என்று சொல்ல யாருமில்லை. குழாய் பதித்தவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். வரைபடத்தைக் கரையான் முன்னமே பார்த்து முடித்திருந்தது.

தெரு வளைகிற இடத்தில் தோண்டினோம். குழாய் நன்றாக இருந்தது. மூடினோம். சில வாரம் கழித்து வேப்பமரத்துக்குப் பக்கத்தில் தோண்டினோம். அங்கேயும் நன்றாக இருந்தது. அந்தக் குழியில் ஒரு கோழி விழுந்தது, பிறகு கோழியைப் பிடிக்க வந்தவர் விழுந்தார். தெருக்காரர்கள் எங்களைக் கண்டால், இன்று எங்கே புதையல் என்று கேட்கத் தொடங்கினார்கள். மேலே இருந்த பொறியாளர், இனித் தோண்டுவதென்றால் அடைப்பு எங்கே என்று நிச்சயமாகத் தெரிந்தபிறகு தோண்டுங்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. எனக்கும் அலுத்துவிட்டது. இதை விட்டுவிடலாமே சார், மழை பெய்தால் சரியாகிவிடும் என்றேன்.

“மழ பேஞ்சா அடைப்பு போயிருமா?” என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்பதுபோல் இருந்தது. இல்லை என்றேன். “அப்பம் பாப்போம்” என்றார்.

குழாய்மேல் இரும்புக் கம்பியின் ஒரு முனையை வைத்து மறுமுனையைக் காதில் வைத்தால் உள்ளே தண்ணீர் ஓடுவது கேட்கும். எல்லோருக்கும் தெரிந்த முறைதான். ஆனால் தண்ணீர் திறக்கும் நேரத்தில் தெருவே குடமும் சண்டையுமாக இருக்கும். கம்பியில் அதுதான் கேட்கும். அதனால் பொறியாளரிடம் அனுமதி வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் யாரிடமும் சொல்லாமல் தண்ணீரைத் திறந்தோம். கடைசித் தெரு முழுவதும் மாதா கோவில் பூசைக்குப் போயிருந்தது. பஜாரில் கடைகள் திறக்கவில்லை. தெருவின் கீழ்க்கோடியிலிருந்து தொடங்கி, தெருக்குழாயிலும், குழாயைத் தொடும்வரை கடப்பாரையால் குத்திய துளைகளிலும் கம்பியை வைத்து, ஒருவர் மாற்றி ஒருவர் கேட்டுக்கொண்டே ஏறினோம். இருவர் வலது காதும் துருப்பிடித்துச் சிவந்துவிட்டது.

மேலே வர வர, அடுப்பில் பால் பொங்கப்போகும்போது வருமே, அதுபோல ஒரு சீறல் கேட்டது. பால்பாண்டி அண்ணாச்சி கடைவாசலில் அது தெளிவாக இருந்தது. நான் தரையில் முழங்காலிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது செல்லக்கனி அக்காள் குடத்தோடு வெளியே வந்தாள். குழிக்குழாயில் தண்ணீர் ஒழுகும் சத்தம் அவளை எழுப்பிவிட்டிருக்கிறது. எங்களைப் பார்த்து நின்றாள்.

“என்ன தம்பி, பூமிக்குள்ள யாரு பேசுதாவ?”

சண்முகசுந்தரம் விளக்கிச் சொன்னார். கிளைக் குழாய் பிரிகிற இடத்தில் ஒரு வால்வு இருந்திருக்க வேண்டும். எப்போதோ பழுதுபார்க்க மூடியவர்கள் முழுதாகத் திறக்காமல் விட்டிருக்கிறார்கள். பின்னால் ரோடு உயர்ந்தபோது மூடி மண்ணுக்குள் போயிருக்கிறது. அதன்மேல்தான் அண்ணாச்சி கடைவாசல் தளத்தைப் போட்டிருக்கிறார்.

அது சாதாரணத் தளமில்லை. மூத்த மகள் கல்யாணத்துக்காகச் சிவப்பு சிமெண்டில் போட்டு, தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து முகம் பார்க்கிற மாதிரி ஆக்கியிருந்தார். அதில் செருப்போடு ஏறினால் சாமான் கொடுக்க மாட்டார். உடைக்க வேண்டும் என்றபோது அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு இடத்தில் தோண்டி ஒன்றும் கிடைக்கவில்லையே என்று கேட்டார். இங்கேயும் கிடைக்காவிட்டால் தளத்தை யார் போட்டுத் தருவது என்று கேட்டார். மேலிடத்து உத்தரவோடு வரச் சொன்னார். உத்தரவு வாங்க மாதக்கணக்காகும் என்று அவருக்கும் தெரியும்.

சண்முகசுந்தரம் உத்தரவுக்கு எழுதிப் போட்டார். அதோடு நிற்காமல் தினமும் வேலை முடிந்ததும் அண்ணாச்சி கடைக்குப் போனார். செருப்பைக் கீழே விட்டுவிட்டுத் தளத்தில் ஏறி, ஒரு தீப்பெட்டி வாங்குவார். தளத்தைப் பற்றி யோசித்தீர்களா அண்ணாச்சி என்று கேட்பார். யோசிக்கவில்லை என்பார் அவர். சரி என்று திரும்பிவிடுவார். மறுநாள் மறுபடி ஒரு தீப்பெட்டி. சண்முகசுந்தரத்துக்குப் பீடி சிகரெட் பழக்கமில்லை. தீப்பெட்டிகளை என்னிடம் கொடுத்துவிடுவார். அந்த வருஷம் எங்கள் வீட்டில் தீப்பெட்டி வாங்கவே இல்லை.

அப்படி இருக்கும்போது ஒரு முறையன்று லூர்தம்மாள் குடத்தோடு வரவில்லை. நான் பஜார் தெரு வால்வில் நின்றிருந்தேன். செல்லக்கனி அக்காள் தண்ணீர் பிடித்து முடித்து, குழியைவிட்டு ஏறி, தெருவைப் பார்த்தாள். “எங்க அவ? சும்மா நாளெல்லாம் வந்து உயிர வாங்குவா, இன்னைக்குக் காணோம்” என்று என்னிடம் கேட்டாள். சவரிமுத்துவுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டதாகச் சொன்னேன். தண்ணீர் நின்ற பிறகு, தன் பித்தளைக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைசித் தெருவுக்குள் இறங்கினாள். அந்தத் தெருமுனையில் அத்தனை வருஷம் குடியிருந்தும் அவள் அதற்குள் போய் நான் பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்துத் திரும்பினாள். குடம் காலி. என்னைத் தாண்டிப் போகும்போது திட்டவில்லை. எனக்கு அது என்னவோ போலிருந்தது.

மறுநாள் விடிந்ததும் என் வீட்டுக்கு ஆள் வந்தது. ஓவர்சீயரையும் கூட்டிக்கொண்டு உடனே வர வேண்டுமாம். போனோம். செல்லக்கனி அக்காள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கடைவாசலில் நின்றாள். கையில் கடப்பாரை. சிவப்புத் தளம் நடுவில் ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு உடைந்திருந்தது. அண்ணாச்சி சட்டை போடாமல் கதவோரம் நின்றார். என்ன நடந்தது என்று அவருக்கே இன்னும் புரிந்த மாதிரி தெரியவில்லை.

“தோண்டுங்க. கடை திறக்குததுக்குள்ள முடிச்சிரணும்” என்றாள்.

சண்முகசுந்தரம் கடப்பாரையை வாங்கவில்லை. “அக்கா, ஒண்ணு சொல்லிருதேன். இந்த வால்வத் திறந்தா உங்க குழாய்ல தண்ணி குறையும். குழியில இப்பம் விழுத மாதிரி விழாது” என்றார்.

“அது எனக்குத் தெரியாதாக்கும்? நேத்தே தெரியும்.” கடப்பாரையை என் பக்கம் நீட்டினாள். “அந்த மனுசன் துண்டக் கடிக்கத நான் பாத்துட்டேன் தம்பி. இனி எனக்குக் குழியில இறங்க முடியாது.”

தோண்டினோம். இடுப்பளவு ஆழத்தில் கடப்பாரை இரும்பில் பட்டது. மூடி. அதற்குக் கீழே செங்கல் பெட்டி, உள்ளே முழுக்க மணல். கையால் அள்ளி எடுத்தோம். அடியில் வால்வின் தண்டு தெரிந்தது. துரு ஏறி, கரும்புக் கணு மாதிரி வீங்கியிருந்தது. அண்ணாச்சி உள்ளே போய் ஒரு பாட்டில் மண்ணெண்ணெய் கொண்டுவந்து வைத்தார். ஊற்றிக் காத்திருந்தோம். சாவியை மாட்டினேன். அசையவில்லை. சண்முகசுந்தரமும் கைப்பிடியின் மறுபக்கத்தைப் பிடித்தார். அசையவில்லை.

எங்கள் இருவருக்கும் ஒரே பயம்தான். அளவுக்கு மீறி முறுக்கினால் தண்டு முறிந்துவிடும். முறிந்தால் வால்வு கிடக்கிற நிலையிலேயே கிடக்கும். புது வால்வு மெட்ராஸிலிருந்து வர வேண்டும். எப்போது வரும் என்று கேட்டால் அவரே “பாப்போம்” என்றுகூடச் சொல்ல முடியாது. கடைசித் தெருவுக்கு அதுவரை அந்த விரல் கனமும் நிச்சயமில்லை.

துருப்பிடித்ததைத் திறக்க வேண்டுமென்றால் முதலில் மூடுகிற பக்கம் கொஞ்சம் அசைக்க வேண்டும். அசைந்து இளகினால்தான் இந்தப் பக்கம் வரும். அவர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். மூடுகிற பக்கம் அழுத்தினோம். ஒரு முனகலோடு தண்டு நகர்ந்தது. அன்றைக்கு முறைநாள் இல்லை, வால்வு திறக்கிறதா என்று பார்க்கத் தண்ணீரை விட்டிருந்தோம். கடைசித் தெருவில் ஒழுகிக்கொண்டிருந்த கொஞ்சமும் நின்றுபோய், பெண்கள் குடங்களோடு ஓடிவந்து, இருந்ததையும் அடைத்துவிட்டீர்களா என்று எங்களைச் சூழ்ந்துகொண்டார்கள். செல்லக்கனி அக்காள் அவர்களுக்குப் பதில் சொன்னாள். அவள் பதில் சொல்லும்போது மற்றவர்கள் பேச முடியாது. அந்த வகையில் எங்களுக்கு வேலை செய்ய அமைதி கிடைத்தது.

இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம். மறுபடி மண்ணெண்ணெய். சண்முகசுந்தரத்தின் உள்ளங்கை கிழிந்து கைப்பிடியில் ரத்தம் ஒட்டியது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டார். வெயில் ஏறிவிட்டது. அண்ணாச்சி கடை திறக்கும் நேரம் தாண்டிவிட்டது. அவர் திறக்கவில்லை. படியில் உட்கார்ந்து குழிக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கட்டத்தில், சாவி எங்கள் கையில் திடீரென்று லேசானது. முறிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். காலடியில் குழாய் அதிர்ந்தது. சீறல் நின்று, உள்ளே ஒரு பெரிய இரைச்சல் ஓடத் தொடங்கியது.

யாரும் எதுவும் சொல்வதற்கு முன், தெருவின் கீழ்க்கோடியிலிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. “தண்ணி செவப்பா வருது சார்” என்றது அந்தக் குரல். புகார்தான். ஆனால் எங்களைச் சூழ்ந்திருந்த பெண்கள் அத்தனை பேரும் குடங்களைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். சண்முகசுந்தரம் குழி விளிம்பில் உட்கார்ந்தார். சைக்கிளில் தொங்கிய பாட்டிலை எடுத்துவரச் சொல்லி, பாதி குடித்துவிட்டு என்னிடம் நீட்டினார். கொஞ்ச நேரத்தில் துரு கரைந்து தண்ணீர் தெளிந்துவிட்டது.

தளம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். வால்வுக்குப் புதுப் பெட்டி கட்டி, மூடி வைத்து, சுற்றிலும் சிமெண்டு பூசினோம். சிவப்பு நிறம் பழையதோடு ஒட்டவில்லை. செல்லக்கனி அக்காள் வீட்டுக் குழியில் தண்ணீர் பாதியாகக் குறைந்தது. அவள் மாதம் தவறாமல் அலுவலகத்துக்கு வந்து, தண்ணீர் சரியாக வரவில்லை என்று புகார் கொடுத்தாள். சண்முகசுந்தரம் எழுந்து நின்று கேட்டுக்கொள்வார். ஏன் குறைந்தது என்பதை இரண்டு பேரும் பேச மாட்டார்கள். உத்தரவும் பின்னால் வந்தது. தளத்தை உடைக்க அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. அவர் படித்துப் பார்த்துவிட்டு, மடித்து உள்ளே வைத்தார்.

சவரிமுத்துவுக்குக் காய்ச்சல் விட்டுப் புண் ஆறுவதற்குப் பல மாதங்கள் ஆயின. நான் ஒவ்வொரு முறையும் தெருவழியாகப் போகும்போது லூர்தம்மாளிடம் கேட்பேன். விளிம்பு சுருங்குகிறது என்பாள். இன்னும் கொஞ்சம் சுருங்கியிருக்கிறது என்பாள். ஒருநாள், நர்ஸ் பார்த்துவிட்டு இனிக் குளிப்பாட்டலாம் என்று சொல்லிவிட்டாள் என்றாள். அதைச் சொல்லும்போது அவள் முகம் கொஞ்சம் வேறு மாதிரி இருந்தது. அதுவரை அவரை ஈரத்துணியால் துடைப்பதுதான் வழக்கம்.

அடுத்த முறையன்று காலையில் தண்ணீரைத் திறந்துவிட்டு நான் கடைசித் தெருவுக்குப் போனேன். சவரிமுத்துவோடு முன்பு சுமை தூக்கிய நான்கு பேர் வேலைக்குப் போகிற வழியில் வந்திருந்தார்கள். அவரைக் கட்டிலோடு தூக்கிவந்து தெருக்குழாய்க்குப் பக்கத்தில் இறக்கினார்கள். ஏறக்குறைய இரண்டு வருஷமாக வெயிலே படாத உடம்பு. கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிடந்தார். தெருவில் நின்றவர்கள் அவரைப் பார்க்காத மாதிரி நின்றார்கள்.

லூர்தம்மாள் செம்பில் மோந்து ஊற்றினாள். கழுத்துக்குக் கீழேதான் ஊற்றினாள், அதுவும் ஒரு செம்புக்கும் அடுத்த செம்புக்கும் இடையில் நன்றாகத் தேய்த்துவிட்டு. தண்ணீரை அளந்து அளந்து பழகிய கை. குழாய் முழு வாயோடு விழுந்துகொண்டிருந்தது. குடம் நிறைந்து வழிந்தது. அவள் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

சவரிமுத்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். தோளில் சாவி இருந்தது.

“நீங்கதான தண்ணி திறக்குதவரு?”

பக்கத்தில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் பக்கம் திரும்பினார்கள். ஆமாம் என்றேன்.

“இன்னைக்கு எப்பம் மூடுவிய?”

பள்ளிக்கூட மணி அடிக்கிறவரை ஓடும், இன்னும் நேரம் இருக்கிறது என்றேன். அவர் விழுகிற தண்ணீரையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெண்டாட்டி பக்கம் திரும்பினார்.

“அப்பம் தலைக்கும் ஊத்துளா” என்றார்.